தலையசைத்து வாங்கிய பூவன்

காலையில் முகத்திலிருந்து மாஸ்க்கைக் கழற்றினால் ரப்பர் வாசனை கொஞ்ச நேரம் மூக்கிலேயே நிற்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் மெஷின் இது. இன்று விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன், கட்டுக்குள் இருந்தது. உடனே உன் ஞாபகம். இந்த மெஷினெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே என் மூச்சைக் கவனித்தவன் நீ.

எண்பதுகளின் தொடக்கம். நம் வாழை மண்டி ஏலத்தில் வாயைத் திறக்க வேண்டாம். தலையசைத்தால் சரக்கு நம்முடையது. தொட்டியத்திலிருந்து வந்த ஒரு லாரிப் பூவன் தாரை அன்று நான் அப்படித்தான் வாங்கினேன், உட்கார்ந்தபடி தூங்கி விழுந்து.

"மொதலாளி கனவுலயே சரக்கு எடுக்கிறாரு!"

கூட்டத்தில் யாரோ கத்த, மண்டியே சிரித்தது. பக்கத்துக் கடைக்காரனான நீ மட்டும் சிரிக்கவில்லை. "யோவ், தலை சாயறதுக்கு முன்னாடி ஒனக்கு மூச்சே இல்லய்யா. அப்புறம் மீன் மாதிரி வாயத் தொறந்து இழுத்த" என்றாய். நான் தெரியாமல் வாங்கிய சரக்கில் பாதியையும் நீயே எடுத்துக்கொண்டாய்.

அப்போது என் பயம் வேறு. கால் புண் ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் கால்விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று புத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அரை வயிறு சாப்பிட்டு, மாத்திரை தவறாமல் போட்டும் இறங்கவில்லை. சிறுநீரை நீல மருந்தில் காய்ச்சினால், சர்க்கரை மிக அதிகம் என்று காட்டும் செங்கல் நிறம்தான். ஒளித்து மைசூர்பாகு தின்கிறேன் என்று என் மனைவி சட்டைப்பையை மோந்து பார்ப்பாள்.

மறுநாளே டாக்டரிடம் கூட வந்தாய். "திருட்டுத்தனமா என்ன சாப்பிடுறீங்க?" என்று அவர் கேட்டதும் நீ முந்திக்கொண்டாய். "அதெல்லாம் ஒண்ணும் திங்கலீங்க டாக்டர். இவன் மூச்சுதான் விடமாட்டேங்கிறான்."

அவர் பேனாவை மூடிவிட்டு உன்னிடம்தான் எல்லாம் கேட்டார். மூச்சு நின்று நின்று வந்தால் தூங்கியும் உடம்புக்கு ஓய்வில்லை, சர்க்கரையும் ஏறும் என்றார். மாத்திரையை மாற்றினார். எடையைக் குறைக்கச் சொன்னார், மல்லாந்து படுக்கக்கூடாது என்றார், புண்ணுக்குக் கட்டுப் போட்டு மெத்தைச் செருப்போடு நடக்கச் சொன்னார்.

நடக்க வைத்தது நீ. விடிந்ததும் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வந்து, "எந்திரிய்யா, பூவன் ஜமீன்தாரே!" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவாய். முதலில் பாதிப் பாலத்திலேயே எனக்கு மூச்சு வாங்கும். நான் வெட்கப்படக்கூடாது என்று நீ ஆற்றைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொள்வாய். தொப்பை கரைந்தது, குறட்டை தணிந்தது, செங்கல் நிறம் மெல்லப் பச்சைக்கு வந்தது. புண் ஆறியது. விரல் தப்பியது.

சம்பாதித்ததெல்லாம் என் சாமர்த்தியம் என்று சொல்லித் திரிகிறவன் நான். இந்தக் கால்விரல் தப்பியதை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. மண்டியில் யாராவது உட்கார்ந்தபடி தூங்கினால் இன்றும் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் எழுந்து போய், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருகிறேன்.