ஜோன்சன்ரை கொப்பியும் என்ரை சிவப்புப் பேனையும்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ

அன்பு ரஞ்சனிக்கு,

நான் சுகம். உம்மடை முழங்கால் நோ இப்ப எப்பிடி? பிள்ளையள் படிக்கினமோ?

இஞ்சை ஒரு பகிடி. என்னோடை அறையிலை இருக்கிற ஜோன்சன், வேலையிடத்துப் பெடியள் கதைக்கிற ஆங்கிலத்தை ஒரு கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறார். ‘சிக்’ எண்டால் அகராதிக்கு வருத்தமாம், பெடியளுக்குச் சோக்காம். ‘டூட்’ எண்டால் மச்சானாம், ‘டட்’ எண்டால் ஒண்டுக்கும் உதவாததாம். இந்தக் குப்பைக்கு ஒரு உறை வேறை! அதையும் இருபது வருசம் ஆங்கிலம் படிப்பிச்ச என்னட்டைக் கொண்டுவந்து காட்டினால் விடுவனே? சிவப்புப் பேனையாலை பக்கம் பக்கமாய் வெட்டி, நூற்றுக்கு ஒன்பது போட்டு, கையெழுத்தும் வைச்சுக் குடுத்தன்.

ஆள் வாங்கிப் பார்த்திட்டு மூடி வைச்சிட்டார். மூண்டு நாளாய் என்னோடை கதையில்லை. எனக்கென்ன நட்டம்? ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாய்ப் போட்டிட்டு இருக்கிறன்.

மிளகாய்த்தூள் அனுப்பேக்கை ரண்டு பைக்கற்றாய்க் கட்டிவிடும். ஒண்டிலை ஜோன்சன்ரை பேரை எழுதும், உம்மடை கையாலை.

பஸ் வரப்போகுது. பள்ளிக்கூடத்துக்குப் போகோணும், பிள்ளையள் வரமுன்னம் வகுப்பறையளைக் கூட்டி முடிக்க.

சிவப்புப் பேனை இனி அனுப்பாதையும்.

உம்மடை
அல்பேர்ட்