மேட்ச் நாளில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தாவுக்கு

என் உயிரான அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். கபருஸ்தானுக்குள் போகிறவர்கள் அங்கே படுத்திருப்பவர்களுக்கு முதலில் சலாம் சொல்ல வேண்டும் என்பார்கள். தம்பி வெள்ளிக்கிழமை தோறும் வந்து சொல்லிவிட்டுப் போகிறான். நம் ஊர்ப் பக்கம் பெண்கள் அங்கே வருவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதுதானே நீங்களும் என்னைக் கூப்பிட்டுக் கொஞ்சுவீர்கள்?

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறார். மல்லசமுத்திரம் ஜவுளிக்கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். லுங்கி அடுக்கியிருந்த இடத்தில் இப்போது நைட்டிகள் தொங்குகின்றன. நானும் சாதிக்கும் சேலத்தில் அதே அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். உங்கள் பேத்தி ஆயிஷா ஆறாம் வகுப்பு போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கான கிரிக்கெட் அணி ஆரம்பித்தார்கள். முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுச் சுவரெல்லாம் பந்து பட்ட தடம். அவள் அப்படியே தன் அப்பா சாதிக்கைக் கொண்டு பிறந்திருக்கிறாள். நான் மாறவே இல்லை. டிவியில் மேட்ச் ஓடினால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அதைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் கடையில் அந்த டிவி மேல் பலகையில் இருந்தது. மேட்ச் நாளில் வாசல் நிறைந்துவிடும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், போர்வெல் வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள், எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருந்த அர்த்தநாரி மாமா, எல்லாரும் வந்துவிடுவார்கள். முன்னால் ஸ்டூல் போட்டு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் பக்கத்து ஸ்டூல் மாமாவுக்கு. எல்லாரும் கைதட்டினால் நீங்களும் தட்டுவீர்கள். எல்லாரும் உச்சுக்கொட்டினால் நீங்களும் கொட்டுவீர்கள். பாகிஸ்தானோடு ஆட்டம் என்றால் காலையிலேயே டிவியைத் துடைத்து வைத்துவிடுவீர்கள். அன்றைக்கு எல்லாருக்கும் டீ உங்கள் செலவு.

நான் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் ஓடி வந்து எறிகிறார், இன்னொருவர் தடுக்கிறார், மறுபடியும் முதலிலிருந்து. இதில் எந்த இடத்தில் சந்தோஷம் இருக்கிறது? இத்தனை பேர் கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒன்று எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? அத்தாவுக்கு இத்தனை ஆசை இருக்க, அத்தா மகளுக்கு ஏன் இது ஒட்டவே இல்லை?

நீங்கள் மௌத்தான அன்று அர்த்தநாரி மாமா வாசலில் நின்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாய்க்கு மேட்சுன்னா உசுருங்க. ரெண்டு பேரும் சேந்து பாக்காத மேட்சு இல்லீங்க."

அம்மா உங்களுக்காக இத்தா இருந்த மாதங்களில் ஒரு மத்தியானம் இதைச் சொன்னேன். வீட்டைவிட்டு வெளியே வராமல் ஒடுங்கிப்போயிருந்த அம்மா, நீங்கள் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"உங்கத்தாவுக்கா? ஒரு ஓவருக்கு எத்தன பந்துன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்கும்மா அந்த டிவி?"

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். "அது நீ பொறக்கறதுக்கு முந்தி. அன்னைக்குப் பாகிஸ்தானோட மேட்சு. உங்கத்தாவுக்கு அதெல்லாம் எங்க தெரியுது? ஏவாரமே இல்லையேன்னு கடையச் சாத்திட்டு ஊட்டுக்கு வந்து தூங்கிட்டாரு. அடுத்த நாளு டீக்கடையில ஒருத்தரு கேட்டுப்போட்டாரு, 'ஏனுங்க பாய், நேத்து ஊட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு யாருக்குக் கைதட்டுனீங்க?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்களாம். இவரும் சிரிச்சுட்டு வந்துட்டாரு."

"வந்து?"

"சோறு உண்ணல. 'தூங்குனேன்னு சொன்னா நம்ப மாட்டாங்க புள்ள'ன்னாரு. அடுத்த வாரமே சேலம் போயி டிவி வாங்கியாந்துட்டாரு."

கேட்டது யார் என்றேன். "அது எதுக்குக் கண்ணு இப்ப?" என்று அம்மா எழுந்து போய்விட்டார்.

அத்தா, அப்படியானால் அந்த இருபது இருபத்தைந்து வருஷமும் நீங்கள் பிடிக்காத ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தீர்களா? அர்த்தநாரி மாமாவின் தம்பியும் மேட்ச் பார்க்க மாட்டார். அவரை எல்லாரும் 'அது ஒரு மாதிரி ஆளு' என்று விட்டுவிட்டார்கள். உங்களையும் ஒரு மாதிரி ஆள் என்று விட்டிருக்கக் கூடாதா?

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. கண் டிவியில் இருக்கிறது, மனசு அங்கே இல்லை. அத்தனை மணி நேரமும் நீங்கள் எதைத்தான் பார்த்தீர்கள்? தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது நேரே மாமா கடைக்குப் போனேன்.

"மாமா, எங்கத்தாவுக்கு கிரிக்கெட் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியுமா?"

ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "தெரியாம இருக்குமா சாமி? ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சு. ஒரு நாளு நம்மாளு அவுட்டாயிட்டான். பாய் கைதட்டப் போறாரு. டக்குன்னு கையப் புடிச்சுட்டேன். அன்னையில இருந்து, தட்ட வேண்டிய எடம் வந்தா அவரு முட்டியில லேசாத் தட்டுவேன். அவரும் தட்டுவாரு."

"இதப் பத்தி அவருகிட்ட ஒரு நாளாவது பேசியிருக்கறீங்களா?"

"அதையெல்லாம் எங்க பேசறது."

"அப்ப அவரு எதத்தான் மாமா பாத்துட்டிருந்தாரு?"

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "மழ வந்தா நாலா பக்கமும் ஆளுங்க ஓடியாந்து கிரவுண்டு மேல பெரிய தார்ப்பாய இழுத்து மூடுவாங்க பாரு, அப்ப மட்டும் பாய் நிமுந்து உக்காருவாரு. 'அவ்வளோ பெரிய துணிய மடிப்பு உழாம எப்புடி விரிக்கறானுங்க பாத்தியா அர்த்தநாரி'ம்பாரு. நாங்க அல்லாரும் மழைய வைவோம். அவரு வாயத் தொறந்துட்டுப் பாத்துட்டிருப்பாரு."

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"அப்புறம் ஏன் மாமா, மௌத்து அன்னைக்கு மேட்சுன்னா உசுருன்னு சொன்னீங்க?"

"பின்ன? அத்தன பேரு முன்னால வேற என்ன சொல்றது சாமி?"

அன்றைக்கும் அவர் உங்கள் முட்டியைத் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது. ஆனாலும் எனக்குள் ஒன்று கிடந்து குடைந்தது. கேட்டுவிட்டேன்: "நீங்க பாக்க வேண்டாம் பாய், ஊட்டுக்குப் போயித் தூங்குங்க, எவன் என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமுல்ல?"

அவர் ஆணிகளைத் திரும்பத் தட்டில் கொட்டினார். பிறகு, "சொல்லியிருக்கலாமாட்டத்தான் இருக்குது" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "சொல்லியிருந்தா கேட்டிருப்பாரா சாமி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை அத்தா. கேட்டிருப்பீர்களா?

இப்போது போன மாதத்துச் செய்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் பாகிஸ்தானோடு ஆட்டம். எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில் பெரிய திரை கட்டினார்கள். ஆயிஷா காலையிலிருந்தே நீலச் சட்டையைக் கழற்றவில்லை. நான் சமையலறையில் இருந்தபோது சாதிக் வந்து நின்றார்.

"இன்னைக்கு மட்டும் கொஞ்ச நேரம் வந்து உக்காரு ஷமீமா."

"மத்த மேட்சுக்கெல்லாம் கூப்பிட மாட்டீங்களே?"

அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு கிரிக்கெட்டுன்னா எவ்வளவு புடிக்கும்னு உனக்குத் தெரியும். ஆனா இந்த ஒரு மேட்ச மட்டும் என்னால நிம்மதியாப் பாக்க முடியாது. விக்கெட் உழுந்தா, நாலு பேரு திரும்பி என் மூஞ்சியப் பாக்கற மாதிரியே இருக்கும். பாக்கறாங்களோ இல்லையோ. எனக்கு அப்படி இருக்கும்."

பிடிக்காத நீங்களும் நிம்மதியாக இல்லை, பிடித்த இவரும் நிம்மதியாக இல்லை. இது என்ன விளையாட்டு அத்தா?

ஆயிஷாவைக் கொண்டுபோய் விடுவதற்காகக் கீழே இறங்கினேன். நாற்காலிகள் போட்டு முடித்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரவி அண்ணன் முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க மேடம், உங்களுக்கு இங்க எடம் இருக்குது" என்றார். நல்ல மனுஷர். உண்மையான அன்போடுதான் கூப்பிட்டார். அந்த நாற்காலியைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆயிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு கிரிக்கெட் புடிக்காதுங்கண்ணா" என்றேன்.

"இன்னைக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மூன்றாம் மாடிக்காரர்.

"எந்த மேட்சும் புடிக்காதுங்க. சின்ன வயசுல இருந்தே."

எனக்கு முன்பே கீழே வந்திருந்த சாதிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பஜ்ஜி மாவுப் பாத்திரத்தோடு நின்றிருந்த சுகுணா அக்கா, ரவி அண்ணன் வீட்டுக்காரம்மா, பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நெசமாவே புடிக்காதா உங்களுக்கு? எனக்குந்தானுங்க! சொல்றதுக்குக் கூச்சப்பட்டுட்டு வருசமெல்லாம் பஜ்ஜி போட்டுட்டிருக்கறேன். வாங்க, எங்கியாச்சும் போயிட்டு வரலாம்."

"ஏய், பஜ்ஜி?" என்றார் ரவி அண்ணன்.

"கடையில வாங்கிக்குங்க."

என் ஸ்கூட்டியில் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போனோம். ரோட்டில் ஆளே இல்லை. ஊரையே யாரோ எங்களுக்கு எழுதிக் கொடுத்தது போல இருந்தது. ஏரிக்கரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் செல்போனைச் சாய்த்து வைத்து மேட்ச் பார்த்துக்கொண்டே டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். சுகுணா அக்கா ஆட்டையாம்பட்டிக்காரர். அம்மா வீட்டிலிருந்து வந்த முறுக்கைப் பையில் வைத்திருந்தார். சர்க்கரை இல்லாத டீயும் முறுக்குமாகக் கரையில் உட்கார்ந்தோம். தண்ணீர் நடுவில் கொஞ்சம்தான் கிடந்தது. அதிலும் கொக்குகள்.

"அத்தன பேரு முன்னால அப்புடிச் சொன்னீங்களே, பயமா இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுக்கா."

அவர் முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "நான் சொல்லும்போது எனக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு. பயம்னு ஒண்ணு வரவே இல்ல. அது ஏன்னு இப்பத்தான் எனக்குத் தோணுது."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. டீக்கடையில் பட்டாசுச் சத்தம் மாதிரி ஒரு கூச்சல் கிளம்பியது. யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே இருவரும் சிரித்தோம்.

திரும்பி வந்தபோது மேட்ச் முடிந்திருந்தது. நம் அணி ஜெயித்துவிட்டதாம். சாதிக் படிக்கட்டிலேயே காத்திருந்தார். செல்போனைக் காட்டினார். குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் மூன்றாம் மாடிக்காரர் போட்டிருந்தார்: 'எல்லாரும் வந்த இடத்துக்குச் சிலர் மட்டும் ஏன் வரலைன்னு தெரியலையே.' கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று. அதற்குக் கீழே சுகுணா அக்கா, வண்டியில் என் பின்னால் உட்கார்ந்தபடியே போட்ட பதில்: 'நானும் ஷமீமாவும் ஏரிக்குப் போயிட்டிருக்கறோம். ரெண்டு பேருக்கும் கிரிக்கெட் புடிக்காது. பஜ்ஜி கெடைச்சுதா?' அதற்குப் பிறகு எல்லாரும் பஜ்ஜியைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். கடை பஜ்ஜியில் எண்ணெய் அதிகமாம்.

"பாதி மேட்ச் நான் பாக்கவே இல்ல. போன்ல உன் பேரு வருதான்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்றார் சாதிக். கோபமாகச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மூன்றாம் மாடிக்காரர் இப்போது லிஃப்டில் என்னைப் பார்த்தால் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே நானும் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறேன். சுகுணா அக்கா மட்டும் அடுத்த மேட்ச் எப்போது என்று தினமும் காலண்டரைப் பார்க்கிறார்.

நேற்று ஆயிஷா மட்டைக்குப் புதுப் பிடி சுற்றிக்கொண்டே உங்களைப் பற்றிக் கேட்டாள்: "அம்மா, நன்னாவுக்கு எந்த பிளேயரப் புடிக்கும்?"

சாதிக் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நன்னாவுக்கு கிரிக்கெட்டே புடிக்காது" என்றேன்.

"ஏன்?"

"சும்மாதான். சில பேருக்குப் புடிக்காது."

"ஓ" என்றாள். மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான் அத்தா. ஒரு 'ஓ'. அந்த வார்த்தையை அன்றைக்கு டீக்கடையில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், நீங்கள் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள்.

அடுத்த மாதம் அவள் அணிக்கு நாமக்கல்லில் ஆட்டம். நான் போய் உட்காரப் போகிறேன். ஆட்டம் பிடித்ததால் அல்ல, அவளைப் பார்க்க. கொட்டாவி வந்தால் விடுவேன். உங்களைப் பற்றி இனி யார் கேட்டாலும், அத்தாவுக்கு கிரிக்கெட் பிடிக்காது, அத்தா நல்ல மனுஷர் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வேன். சொல்லிவிட்டு, வேறு எதையும் விளக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்களைப் போலவே மேட்ச் பிடிக்காத,
உங்கள் மூத்த மகள்
ஷமீமா