நம் வீட்டை மட்டும் சுற்றிப்போன கோடு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே, அது நன்றாக இல்லை.

தொகுதி எல்லையை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு இருந்ததே, போன வாரம் அந்த வரைபடத்தை நூலகச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். நம் தெருவில் நாற்பது வீடு, மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று வடிகாலுக்காக ஒன்றாக நின்றோம், கட்டித் தராத தொகுதி உறுப்பினருக்கு எதிராக ஒன்றாக ஓட்டும் போட்டோம், அதற்குத்தான் இந்தத் தண்டனை போலிருக்கிறது, தெருவை அப்படியே பெயர்த்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் புறநகரோடு சேர்த்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் வடிகாலைப் பற்றி இனி யார் கேட்கப் போகிறார்கள்? எதிர்வீட்டுத் தையல்காரர் துணியில் கோடு போடுவதுபோல வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார், தெரு முனையில் நம் வீட்டருகே விரல் நின்றுவிட்டது. “என்னக்கா, கோடு நேரா வந்து உங்க வீட்டை மட்டும் பழைய தொகுதியிலேயே விட்டுட்டுச் சுத்திக்கிட்டுப் போகுது, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு” என்றார். கூட வந்திருந்த தெருக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அச்சுப் பிழையாக இருக்கும் என்று சொல்லிச் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, வரைபடத்தின் அடியில் பெயர் போட்டிருந்த கம்பெனி நீ வேலை பார்க்கும் கம்பெனி. இரண்டு மாதத்துக்கு முன் நீ போன் பண்ணி, பின்சுவர் எதுவரை போகிறது, வாசல் எந்தத் தெருவில் சேர்த்தி என்று கேட்டாயே, மாடியில் அறை கட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிடப் போகிறாய் என்று நினைத்து அப்பா முழங்கால் வலியோடு டேப்பைப் பிடித்து அளந்தார். நேற்று அவர் போனில் நேராகக் கேட்டதற்கு, “ஓட்டுப் போட நீங்க ரயில் பாதையைத் தாண்டி அவ்வளவு தூரம் நடக்க வேணாமேன்னுதான்ப்பா பண்ணேன்” என்றாயாம். எங்களுக்காகவா? நீ ஜுரத்தில் கிடந்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடியவர் அந்தத் தையல்காரர். அவர் வீட்டைக் கோட்டுக்கு வெளியே தள்ள உனக்கு எப்படிக் கை வந்தது? இப்போது அவர் மனைவி என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். வேறு யார் செய்திருந்தாலும் வாய்விட்டுத் திட்டியிருப்பேன், பெற்ற பிள்ளை செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது.

ஆட்சேபம் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. தெருவைத் திருப்பிக் கொடுங்கள், முடியாதென்றால் எங்கள் வீட்டையும் அதோடு சேர்த்துத் தள்ளுங்கள் என்று மனு எழுதிவிட்டேன். கோடு போட்டவன் எங்கள் மகன், எங்களைக் கேட்டே அளவு வாங்கினான் என்பதையும் மறைக்கவில்லை. உன் வேலைக்கு ஆபத்து வருமே என்று அப்பா என் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் மட்டும் எனக்கு மாற்றமில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அந்த அளவுச் சீட்டை அப்பா இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார், அறை எப்படியும் கட்டத்தானே வேண்டும் என்கிறார். நீ வரப்போவதில்லை என்றால் அவரிடம் நீயே சொல்லிவிடு, என்னால் முடியாது.

உன் அம்மா