பாதி வழியில் மாற்றும் சாவி

பிப்ரவரி 12, 2022 – சனி

அர்லிண்டோ மறுபடியும் என் காரின் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். பிரேக்கை எட்டுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இறங்கும்போது முன்னால் இழுத்துவிடுங்கள் என்று பதினோரு வருடமாகச் சொல்கிறேன். "உங்க கால் குட்டையா இருந்தா நான் என்ன பண்றது, தையல்காரம்மா?" என்கிறார்.

உணவுக்கடையில் பரிமாறும் கார்லீன் புதிதாக வந்த சமையல்காரனிடம் எங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், நாங்கள் காதில் கேட்காதவர்கள் மாதிரி. "சனிக்கிழமையானா பெர்னி காரைக் கடலோரப் பாதையோட வடக்கு முனையில நிறுத்திட்டுத் தெக்க நடப்பாங்க. இவரு டிரக்கைத் தெக்கு முனையில நிறுத்திட்டு வடக்க நடப்பாரு. பாதியில ரக்கிள்ஸ் மதில்கிட்ட நின்னு சாவிய மாத்திக்குவாங்க. மிச்சப் பாதியையும் நடந்து, இவரு வண்டிய அவங்க, அவங்க வண்டிய இவரு. ஓட்டிக்கிட்டு இங்க வந்து சாவியத் திருப்பிக் குடுப்பாங்க. ஒரு டூப்ளிகேட் போட்டுக்கிட்டா நடுவுல நிக்கவே வேணாமில்ல?"

அர்லிண்டோ காபிப் பாகு கலந்த குளிர்ந்த பாலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் ஜானிகேக் என்ற சோள அடைக்கு வெண்ணெய் தடவினேன்.

அவர் டிரக்குக்கு ஒரு டூப்ளிகேட் இருக்கத்தான் செய்கிறது. பின்சக்கரத்துக்கு மேலே, காந்தம் வைத்த ஒரு சின்ன டப்பாவில். நான்கு வருடம் முன்பு தற்செயலாகக் கையில் பட்டது. திருடனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறீர்களா என்று அன்று நன்றாகத் திட்டினேன். டப்பா இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கார்லீனிடம் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 3 – வியாழன்

கடலுக்கு இறங்கும் 'நாற்பது படி'க்குச் சற்றுத் தெற்கே எங்கள் பாதை சரிந்து கடலில் விழுந்துவிட்டதாம். யாருக்கும் அடியில்லை. போன சனிக்கிழமை அதே இடத்தில் நின்று ஷூ கயிறு கட்டினேன்.

மார்ச் 5 – சனி

சரிந்த இடத்தில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். தெருவில் ஏறிச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கவேண்டும். அரைமணி தாமதம். ரக்கிள்ஸ் மதிலுக்கு வந்தால் அர்லிண்டோவைக் காணோம். பத்து நிமிடம் கழித்து வடக்கேயிருந்து, அதாவது எனக்குப் பின்னாலிருந்து, ஓட்டமும் நடையுமாக வருகிறார். அறுபத்தெட்டு வயது மனிதர், தொப்பி கையில், முகம் வெளுத்துக் கிடக்கிறது. என்னைத் தேடிக்கொண்டு தடுப்பு வரைக்கும் போயிருக்கிறார்.

"நீங்க வரல. அங்க எட்டிப் பாத்தேன், கீழ வெறும் கல்லா கெடக்கு. நான் நெனச்சேன்..."

"என்ன நெனச்சீங்க?"

"உங்க கார் சாவி உங்ககிட்டல்ல இருக்கு. நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

சிரித்தேன். சாவியைக் கொடுக்கும்போது அவர் கை என் விரல்களைச் சட்டென்று விடவில்லை. மிச்சப் பாதி முழுக்க, பாறை மேல் கால் வைப்பதைக் கவனிக்காமல் அந்தக் கையையே நினைத்துக்கொண்டு நடந்தேன். என் கணவர் ஜெர்ரி இறந்து பதினான்கு வருடம். என்னைக் காணோமென்று யாரும் ஓடிவந்து எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 16 – சனி

கார் சீட்டில் ஈஸ்டர் ரொட்டி, நடுவில் முழு முட்டை பதித்தது. அவருடைய மனைவி இல்டா இருந்தவரை அவள் சுட்டது. இப்போது அவரே சுடுகிறார். அடி கருகல். முட்டை மட்டும் அருமை.

டிரக்கில் கிடந்த அவருடைய கோட்டைப் போன வாரம் எடுத்து வந்திருந்தேன். முழங்கையில் ஒட்டுப்போட்டு இன்று திரும்ப வைத்தேன். பாதையோர மாளிகைகளில் நூறு வருடத்துத் திரைச்சீலைகளுக்கு நான் போடும் அதே தையல். பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்ததாகச் சொல்லவில்லை.

ஜூன் 11 – சனி

கூட்டம் நெரிகிறது. மதிலருகே ஒரு வெளியூர்க்காரர் மாளிகைகளைக் காட்டி அர்லிண்டோவிடம், உங்கள் குடும்பத்துக்கும் இதில் ஏதாவது உண்டா என்று கேட்டார். "எல்லாம் நம்மளுதுதான் சார். புல்லு வெட்டத்தான் ஆள் கெடைக்கல, அதான் நானே வெட்டினேன் முப்பது வருஷம்." அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே போனார். எனக்கு விலா வலிக்கச் சிரிப்பு.

ஜூலை 23 – சனி

அவர் வரவில்லை. வீட்டின் நிலவறைப் படியில் வழுக்கி விழுந்து முட்டியில் வீக்கமாம். நான் பாதிவரை போய், மதிலைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். பழைய காலத்தில் இப்படித்தான் நடப்பேன், அவரும் அவர் பக்கத்திலிருந்து அப்படித்தான். மறுபாதியை இரண்டு பேருமே பார்த்ததில்லை. ஒருநாள் மதிலருகே அவர்தான் சொன்னார்: "சாவியக் குடுங்க. திரும்பி நடக்குறது எனக்குப் புடிக்காது."

முட்டைக்கோஸ் கீரை சூப் வைத்து அவர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே கூப்பிட்டார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

ஆகஸ்ட் 27 – சனி

அவர் கைப்பேசியை எப்போதும் டிரக் சீட்டிலேயே போட்டுவிட்டு நடப்பார். இன்று நான் ஏறும்போது அது அடித்துக்கொண்டே இருந்தது. மகள் டெலியா. எடுத்தேன். அங்கேதான் வினை.

"நீங்கதானே பெர்னி? நல்லதாப் போச்சு. அப்பா தனியா அந்த வீட்டுல, ரெண்டு மாடி, அந்தப் படி... எனக்கு ராத்திரி தூக்கமே வரதில்ல. இங்க டாம்பாவுல என் வீட்டுக் கீழ்த்தளத்துலயே அவருக்கு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன். நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. சொல்றீங்களா?"

அந்தப் பெண் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. "சொல்றேம்மா" என்றேன்.

என் வாய்க்கு என்ன கேடு?

செப்டம்பர் 3 – சனி

சொல்லவில்லை. மழை என்று சாக்கு.

செப்டம்பர் 10 – சனி

கால் இரண்டும் வெந்நீரில். எல்லாவற்றையும் இன்றே எழுதிவிட வேண்டும்.

மதிலருகே வழக்கம்போல நின்றோம். டெலியா சொன்னதைச் சொன்னேன். மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி, ஒன்று விடாமல். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவ சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

இதுதான் இடம். இங்கேதான் நான் ஒரு மனுஷி மாதிரி பேசியிருக்க வேண்டும். எனக்கோ வீம்பு. என்னை எதற்கு இதில் இழுக்கிறார், அவராகச் சொல்லட்டுமே என்று.

"நல்லதுதானே. போங்க. இங்க உங்களுக்கு என்ன இருக்கு?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அப்ப சரி" என்றார். அவர் வடக்கே, நான் தெற்கே. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாளிகையின் தேநீர் மண்டபத்துக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதையில் அழுதேன். எதிரே ஒரு குடும்பம் வந்தது, கண்ணில் காற்று என்று சைகை காட்டினேன். பாறைகளில் இரண்டு தரம் சறுக்கினேன். தெற்கு முனைக்கு வந்து, அவர் வேலை பார்த்த மாளிகைத் தோட்டத்தின் பின்வாசலில் நின்ற டிரக்கின் கதவில் சாவியைச் செருகினால் போகவில்லை. கையைப் பார்க்கிறேன் – என் கார் சாவி.

மாற்றவேயில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறை. அங்கே வடக்கே அவர் என் காரருகே தன் சாவியோடு நிற்பார்.

பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டேன். டப்பா இருந்தது. திறந்தேன், சாவி இருந்தது. டிரக்கை எடுத்துக்கொண்டு தெரு வழியாகப் போனால் பத்து நிமிடத்தில் வடக்கு முனை. சாவியைக் கொடுத்துவிட்டு, நல்லபடியா போய்ட்டு வாங்க என்று சொல்லி, கதை முடிந்துவிடும்.

முடிஞ்சிடும்டி பெர்னி. அப்புறம் சனிக்கிழமைக்கு நீ என்ன பண்ணுவ?

டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். இந்த அறுபத்துநாலு வயதில் ஒரே நாளில் இரண்டாம் தரம் அந்தப் பாறை. வழியெல்லாம் என்ன பேசுவதென்று ஒத்திகை. ஒரு வாக்கியம்கூட உருப்படியாக வரவில்லை.

ரக்கிள்ஸ் மதில் மேல் உட்கார்ந்திருந்தார், ஒரு ஷூவைக் கழற்றி வைத்துக்கொண்டு, வீங்கிய முட்டியைத் தடவியபடி. அவரும் அத்தனை தூரமும் திரும்பி நடந்து வந்திருக்கிறார். திரும்பி நடக்கப் பிடிக்காத மனிதர்.

"சாவி" என்றார், நீட்டினார்.

நான் வாங்கவில்லை. மூச்சு வாங்கியது.

"ஏன் நடந்து வந்தீங்க?" என்றார். "சக்கரத்துக்கு மேல டப்பா இருக்குமே. திட்டினதே நீங்கதானே."

"தெரியும்."

"டப்பா விழுந்துடுச்சா?"

"இல்ல. இருந்துச்சு. சாவியும் இருந்துச்சு."

அவர் என் முகத்தையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு நின்றுகொண்டிருக்கப் பொறுக்கவில்லை.

"இங்க பாரு அர்லிண்டோ. நீ போறது எனக்குப் புடிக்கல. உன் மகளுக்கு வாக்குக் குடுத்தேன், அதான் சொன்னேன். நீ போயிட்டா எனக்குச் சனிக்கிழமையே வேணாம். அவ்வளவுதான். இப்ப சாவியக் குடு."

அவர் கொடுக்கவில்லை. கோட்டின் முழங்கையைத் திருப்பிக் காட்டினார், அந்த ஒட்டை.

"இந்த ஒட்டப் பாத்தப்பவே எதாவது சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "அஞ்சு மாசமா ஒரு வார்த்த தேடிக்கிட்டிருக்கேன். நானும் ஒரு ஆளு."

இரண்டு பேராலும் இனி ஒரு அடி தனியாக நடக்க முடியாது. வடக்கே நல்ல நடைபாதை என்பதால் என் கார் பக்கமாகப் போவதென்று முடிவு. என் தோளில் அவர் கை. அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடமாக நடக்கிறோம், ஒரே திசையில் நடப்பது இதுவே முதல்முறை. கடல் அவருக்கு வலப்பக்கம், எனக்கும் வலப்பக்கம். அவர் நடக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருவார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செப்டம்பர் 11 – ஞாயிறு

டெலியாவைக் கூப்பிட்டேன். கொடுத்த வாக்குப்படி அவரிடம் சொல்லிவிட்டேன், பிறகு அதற்கு நேரெதிராகவும் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு, "உங்க வீட்டுல படி இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரே தளம்தாம்மா. வாசல்ல ஒரு படி. கைப்பிடி வச்சிடலாம்."

"அப்பாவோட ரொட்டிய நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

"அடி கருகல்."

அவள் சிரித்தாள். அழுததும் கேட்டது.

அக்டோபர் 8 – சனி

டிரக்கை விற்றுவிட்டார். டப்பாவை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். எதற்கு என்றால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

நவம்பர் 19 – சனி

ஒரே காரில் போனோம், நான்தான் ஓட்டினேன். மதில் வரைக்கும் நடந்து, தொட்டுவிட்டுத் திரும்பினோம். திரும்பி நடப்பது பற்றி ஒரு முணுமுணுப்பும் இல்லை. வரும் வியாழக்கிழமை நன்றி நவிலல் நாள் விருந்துக்கு டெலியா வருகிறாள். நான் இப்போதே தட்டுகளைத் துடைத்து அடுக்கியாயிற்று.

உணவுக்கடையில் கார்லீன் மேசையைத் துடைத்துக்கொண்டே, "இப்ப மாத்திக்க என்னதான் இருக்கு?" என்று வம்புக்கு இழுத்தாள். அர்லிண்டோ சட்டைப்பையிலிருந்து அந்தக் காந்த டப்பாவை எடுத்து, உள்ளிருந்த புதுச் சாவியை மேசைமேல் வைத்தார். வரும் வழியில் இரும்புக்கடையில் என் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, என்னைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு இறங்கியது இதற்குத்தான்.

"டூப்ளிகேட் போடுங்கன்னு நீதானே சொன்ன" என்றார்.

"காருக்கா?"

"இல்ல. பெர்னி வீட்டுக்கு."

வீட்டுக்கு வந்ததும் அவரே திறந்தார். புதுச் சாவி, கொஞ்சம் இறுக்கம். எண்ணெய் விட வேண்டும்.