மச்சான் இல்லாத படம்

மச்சானுக்கு,

உங்கள் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் படம் போடும் பழைய என்லார்ஜர் ஒன்று வாங்கியிருக்கிறேன். கடையில் இருந்தவற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காதது இது ஒன்றுதான். அதன் தலையைத் தாங்கும் தூணில் ஏறியிருந்த துருவைத் தேய்த்தெடுத்து, ஜன்னலை மூடி இருட்டாக்கிய குளியலறையில் நிறுத்திவிட்டேன்.

முதலில் எங்கள் கல்யாண நெகட்டிவைப் போட்டேன். கூப்பிடாமலே ஓரத்தில் வந்து நிற்கிறீர்கள். மெஷினின் தலையை உயர்த்த உயர்த்தப் படம் பெரிதாகி, நீங்கள் தாளுக்கு வெளியே போய்விட்டீர்கள். எனக்கு ஏக குஷி!

படம் கழுவும் மருந்துத் தட்டில் உங்கள் தங்கையின் முகம் மெல்ல எழுந்தது. முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்றவள், "ஏங்க, எங்க அண்ணனை வெட்டிட்டீங்களே, இப்ப நான் யாரைப் பாத்து இப்படி இளிக்கிறேன்? செவுத்தையா?" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் படத்தின் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலையை இறக்கி வேறொரு பிரிண்ட் போட்டேன். அதில் நீங்கள் இருக்கிறீர்கள். நன்றாகவே வந்திருக்கிறது, உங்கள் மூக்கு உட்பட.

எல்லார் முன்னும் என்னைக் கேமராக் கிறுக்கன் என்றதை நான் மறக்கவில்லை. என் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னதும் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்கதவு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்