பர்மா தொப்பியும் ஹேமா போட்ட புளியும்

ஜூலை 6, ஞாயிறு

பூந்தமல்லி பழைய சாமான் கடையில மாட்டுச்சி! பர்மா சண்டைக்குப் போன நம்ம மெட்ராஸ் சாப்பர் தொப்பி. சாப்பர்னா ஆத்துக்குப் பாலம் போட்டு பட்டாளத்த அக்கரைக்கு அனுப்புற ஆளுங்கோ. ஒரு பக்கம் மடிச்ச அகலத் தொப்பி, பித்தள பேட்ஜு, அது மேல ராஜா கிரீடம். சொதந்திரத்துக்கு அப்பறம் கிரீடம் போயி சிங்கம் வந்துச்சி. அப்ப இது அதுக்கு முந்தினது. கடக்காரனுக்குத் தெரில. மூஞ்ச சோகமா வச்சிகினு, "வெயிலுக்கு ஒரு தொப்பி குடு நைனா"ன்னேன். குடுத்துட்டான்!

ஊட்டுக்காரி ஹேமாவதி கதவு தொறக்கும்போதே, "தல ஒண்ணு, தொப்பி நாப்பது. எந்தக் கோட்டய புடிக்கப் போற?"

நாப்பத்தொண்ணு, சரியா எண்ணுடின்னேன்.

ஜூலை 9, புதன்

ஆவடி பழைய சாப்பருங்க சங்கத்துல ஒரு பழக்கம். வருஷ விருந்துல மொத எல சண்டையில செத்தவங்களுக்கு. படையல். எலைக்கு எதிர்ல காலி நாற்காலி, அது மேல ஒரு தொப்பி. இந்த வாட்டி நெஜ பர்மா தொப்பி தான் வேணுமாம். ரெண்டு பேர் கிட்ட தான் கீது. நானு, காட்டுப்பாக்கம் கோவிந்தராஜு.

அவன் தான் நான் சேத்த தொப்பிங்கள பத்து வருஷமா "நாடகக் கம்பெனி சாமான்"னு சொல்லிகினு திரியிறவன். அந்த நாற்காலி எனக்கு வேணும். இன்னா ஆனாலும்.

சங்கத்து சுபேதார் வேலுசாமி ஐயா சனிக்கெழம நம்ம ஊட்டுக்கு வந்து ரெண்டையும் பாப்பாராம்.

ஜூலை 12, சனி, காலையில

போச்சு. எல்லாம் போச்சு.

ஹேமா பேட்ஜ புளி போட்டு தேச்சிட்டா! குத்துவெளக்கு மாதிரி மின்னுது. பழைய பேட்ஜுக்கு அந்தக் கருப்பு தான்யா உசுரு! இனிமே எவன் நம்புவான்? கத்துனேன். "படையலுக்கு வைக்கிற பொருளு பாசி புடிச்சா இருக்கணும்?"ன்றா.

அன்னிக்கே, வெளக்கு வச்சப்பறம்

கோவிந்தராஜு அவன் தொப்பியோட வந்து என்னுத பாத்தான். "இன்னா அண்ணாத்தே, நேத்து தான் வார்த்தாங்களா?" அவன் பேட்ஜு கன்னங்கரேல்னு கீது.

வேலுசாமி ஐயா சொன்னாரு: "பட்டாளத்துல அழுக்கு பேட்ஜோட எவன்யா நின்னான்? நின்னா மைதானத்த சுத்தி ஓட உட்ருவோம்."

எனக்கு உசுரு வந்துச்சி. வாய் சும்மா இருக்குமா? "ஹேமா, அவுருதயும் தேச்சிடு. பாவம், இந்த வயசுல எப்டி ஓடுவாரு?"

"வாணாம், வாணாம்"னு அவன் கைய நீட்டுறதுக்குள்ள ஐயா கழட்டி ஹேமா கைல குடுத்துட்டாரு.

திரும்பி வந்தா — கருப்பு போச்சு. அது பூட் பாலீசு! கூடவே மஞ்சளும் போச்சு. உள்ள வெள்ளத் தகரம். என்னுது தேய்க்கத் தேய்க்க பித்தள. ஹேமா நெஜமாவே பதறிட்டா: "ஐயோ, சாயம் போயிட்ச்சிண்ணா!"

கோவிந்தராஜு தோள்ல கைய போட்டேன். அப்பறம் கேட்டேன்: "மாமே, இது எந்தக் கம்பெனி நாடகம்?"

ஜூலை 13, ஞாயிறு

ஹேமாவுக்கு மல்லி வாங்கினு வந்தேன். "இன்னா அதிசயம்?"ன்னா. நீ போட்ட புளிக்குன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மொத எல போட்டாங்க. சோறு, பருப்பு, வட, பாயாசம். எதிர்ல நாற்காலி, அதுல என் தொப்பி. வேலுசாமி ஐயா ஒரு சத்தம் குடுத்தாரு — கெழவனுங்க அத்தினி பேரும் வெறப்பா நின்னு சல்யூட்டு. கோவிந்தராஜும் அடிச்சான். அவன் கைய எறக்குற வரிக்கும் நல்லா பாத்துகினேன். அப்பறமா தான் நான் அடிச்சேன்.

செத்தவங்களுக்கு தான். தெரியும்யா. அவனும் அவங்களுக்கு தான் அடிச்சான்.

ஆனா தொப்பி என்னுது.