தும்பிக்கு வந்த முட்டு மரம்

சேன் மயேல் சுரங்கக் குடியிருப்பு, பிரான்சு
1884 அக்டோபர் 3

அன்பு மகன் கில்பேருக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம், என் இருமல் என்னைவிட நலம். மர்சேயில் நீயும் சுகமாயிருக்கக் கர்த்தர் அருள் புரியட்டும். உன் தங்கை ஃபிலோமேனுக்கு இது ஏழாம் மாதம், உருளைக்கிழங்கைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அவள் புருஷன் கிளோத் என்னோடு அதே சுரங்கத்தில்தான் கரி வெட்டுகிறான். கூரை பொலபொலவென்று உதிர்கிறது, முட்டுக் கொடுக்க மரம் தாருங்கள் என்று மூன்று வருஷம் கேட்டோம். "ஏன்யா, மரம் சும்மாவா முளைக்குது?" என்று மேஸ்திரி எங்கள் வாயை அடைத்துவிட்டான்.

போன மாதம் கிளோத் பிளந்த கல்லுக்குள் ஒரு தும்பியின் இறக்கை இருந்தது. ஒற்றை இறக்கையே என் முன்கை நீளம், நரம்பு நரம்பாகப் பதிந்திருந்தது. எஞ்சினியர் ஓப்ரே ஐயா தானே இறங்கி வந்து மண்டியிட்டார். "மனுஷன் பொறக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடி பறந்ததுய்யா இது!" என்றார். அப்போது கூரை அவர் தொப்பியில் உதிர்ந்தது. மறுநாள் காலையில் இரண்டு வண்டி மரம் வந்து நின்றது! செத்த தும்பி நசுங்கக் கூடாதாம். இறக்கை பஞ்சு மெத்தையில் பாரிசுக்குப் போனது. முன்பு கூரைக்கல் விழுந்து கால் முறிந்த எங்கள் கூட்டாளி ரெமியைக் கரி வண்டியில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கல் பிளந்தால் இரண்டு பாதியிலும் அச்சு விழும் அல்லவா, உடைத்ததற்குத் திட்டு விழுமோ என்று கிளோத் ஒரு பாதியைச் சாக்கில் மறைத்துக் கொண்டு வந்திருந்தான், உன் அம்மா அதை முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பானைக்குப் பாரமாக வைத்திருந்தாள். தும்பி வேலை முடிந்தது, மரத்தைப் பிடுங்குங்கள் என்று உத்தரவு வந்ததும் அதைக் கழுவி உள்ளே கொண்டுபோய்க் "கண்டுபிடித்தோம்". அச்சு இடம் வலம் மாறியிருந்ததால் மறுபக்க இறக்கை என்று ஐயா என்னைக் கட்டிக்கொண்டார். படித்தவர், நம்பினார். மரம் தப்பியது. இப்போது நவம்பர் முதல் தேதி, புனிதர் அனைவர் திருநாள் வரை கெடு வைத்திருக்கிறார், அதற்குள் வேறொன்று கிடைக்காவிட்டால் மரம் போய்விடும். தும்பிக்கு நாலு இறக்கை, நாம் கொடுத்தது இரண்டு.

நீ கல்லறைகளுக்குத் தேவதூதச் சம்மனசுகளின் இறக்கை செதுக்குகிறவன். எங்களுக்கு ஒன்று செதுக்கு. கறுப்புக் கல்லில், இறகு வேண்டாம், நரம்பு போதும். பாவத்தைப் பாதிரியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

குளிரில் கழுத்தைச் சுற்றிக்கொள். மாதாவின் துணை உனக்கு என்றும் இருக்கட்டும். திருநாளுக்குள் அனுப்ப மறக்காதே. பிந்தினால் கிளோத்துக்கு நீ சம்மனசு செதுக்க வேண்டியிருக்கும்.

உன் அப்பா,
பிளேஸ்